மெமரியைத் தட்டிப் பார்த்த ஆய்வுக் கட்டுரை

2016-இல் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விநோதமான கோளாறு வந்தது. குடும்பப் புகைப்படங்களை வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து வைப்பது என் வழக்கம். ஒரு நாள் திறந்து பார்த்தால், சில படங்களில் பாதி சரியாக இருக்கிறது. மீதிப் பாதி சாம்பல் நிறப் பட்டையாக இருக்கிறது. முதலில் வைரஸ் என்று நினைத்தேன். இல்லை. கேபிளை மாற்றினேன். பயனில்லை. ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தேன். அதுவும் நலம்.

கடைசியில் சந்தேகம் ரேம் மீது திரும்பியது. மெம்டெஸ்ட்86 என்ற இலவச சோதனை புரோகிராமைப் பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓட விட்டேன். காலையில் எழுந்து பார்த்தபோது திரையெங்கும் பிழைக் கணக்கு. ரேம்தான் குற்றவாளி. புதிய டிடிஆர்3 ரேம் ஒன்று வாங்கிப் பொருத்தி, மறுபடியும் அதே சோதனையை ஓட்டினேன்.

இப்போது எல்லாச் சோதனைகளிலும் பாஸ், ஒன்றைத் தவிர! 13-ஆவது சோதனையில் மட்டும் பிழைகள் காட்டின. அதன் பெயர் ஹேமர் டெஸ்ட். ஹேமர் என்றால் சுத்தியல். மெமரிக்கும் சுத்தியலுக்கும் என்ன சம்பந்தம்?

ரேம் வாங்கிய கடைக்காரரிடம் கேட்டேன். "விண்டோஸ் ஓடுதில்ல சார்? அப்புறம் என்ன?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அந்தச் சோதனை எதைத் தேடுகிறது என்பது அன்று எனக்கும்தான் தெரியாது. விடை தேடிப் போனபோது கிடைத்தது ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை. ஓனூர் முட்லு என்ற கம்ப்யூட்டர் கட்டமைப்பு ஆராய்ச்சியாளரும் அவருடைய மாணவர்களும், இன்டெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சிலரும் சேர்ந்து 2014-இல் வெளியிட்டது அது.

ஆராய்ச்சிக் கட்டுரை என்றாலே நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம், பேராசிரியர்கள் பதவி உயர்வுக்காக எழுதுவது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. ஒரு கட்டுரை எப்படி நம் வீட்டு மேஜை வரை வந்து சேர்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

டிராம் என்ற ஓட்டைக் குடம்

கட்டுரையைப் புரிந்து கொள்ள, நாம் ரேம் என்று சொல்லும் மெமரி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இதன் முழுப்பெயரில் டைனமிக் என்ற சொல் முதலில் வருவதால் இதை டிராம் என்பார்கள். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு இதைக் கண்டுபிடித்தார். 1968-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய டிடிஆர்5 வரை அடிப்படை அதேதான்.

ஒரு பிட்டைச் சேமிக்க ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் போதும். கெபாசிட்டரில் மின்னூட்டம் இருப்பதும் இல்லாததும்தான் 1, 0 என்ற இரு நிலைகள். டிரான்சிஸ்டர் அதற்கு ஒரு கதவு. இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் விரல் நகம் அளவு சிப்பில் கோடிக்கணக்கான பிட்களை அடைக்க முடிகிறது. விலையும் மலிவாக இருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். இந்தக் கெபாசிட்டர் ஓர் ஓட்டைக் குடம். நிரப்பி வைத்த மின்னூட்டம் கசிந்து கொண்டே இருக்கும். முழுவதும் கசிந்து போனால் 1 என்று எழுதியது 0 ஆகிவிடும். அதனால் குடம் காலியாவதற்குள் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து மறுபடியும் நிரப்பி விடுகிறார்கள். இதற்கு ரெஃப்ரெஷ் என்று பெயர். டிடிஆர்3 ரேமில் ஒவ்வொரு பிட்டும் வழக்கமாக 64 மில்லி விநாடிக்கு ஒரு முறை, அதாவது விநாடிக்குச் சுமார் 16 முறை இப்படி நிரப்பப்படுகிறது. நீங்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக் கொண்டிருக்கும்போதும் உங்கள் கம்ப்யூட்டர் ஆன் ஆகியிருந்தால், உள்ளே இந்த வேலை ஓயாமல் நடந்து கொண்டிருக்கிறது.

பக்கத்து வீட்டுச் சுவர்

இந்தக் குடங்கள் தனித்தனியாக இல்லை. வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே ஒரு பைட் வேண்டும் என்று பிராசசர் கேட்டாலும், அந்த பைட் இருக்கும் வரிசை முழுவதையும் மெமரி திறக்க வேண்டும். படித்து முடித்த பின் மூட வேண்டும். திறப்பதும் மூடுவதும் அந்த வரிசைக்கான கம்பியில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவதன் மூலம் நடக்கிறது.

லைன் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு இது உடனே புரியும். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். பக்கத்து வீட்டுக்காரர் கதவை ஒரு முறை படாரென்று சாத்தினால் ஒன்றும் ஆகாது. நாள் முழுக்கத் திறந்து திறந்து சாத்திக் கொண்டே இருந்தால்? நம் வீட்டுச் சுவரில் காரை உதிரும். அவர் நம் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. ஆனாலும் நஷ்டம் நமக்கு.

மெமரியிலும் இதுதான் நடக்கிறது. ஒரு வரிசையை மிக வேகமாக, ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடினால், பக்கத்து வரிசையில் உள்ள குடங்கள் வழக்கத்தைவிட வேகமாகக் கசிகின்றன. அடுத்த ரெஃப்ரெஷ் வருவதற்குள் சில குடங்கள் காலியாகி, அங்கிருந்த பிட் மாறி விடுகிறது. சிப் தயாரிக்கும் தொழில்நுட்பம் நுணுக்கமாக ஆக ஆக, குடங்கள் சிறிதாகின்றன. வரிசைகளும் நெருங்கி வருகின்றன. அதனால் தொல்லை கூடுகிறது. வரிசையைச் சுத்தியலால் தட்டுவது போல் இருப்பதால் இதற்கு ரோஹேமர் என்று பெயர் வந்தது. என் சோதனையில் வந்த சுத்தியல் இதுதான்!

யார் இந்த முட்லு?

ஓனூர் முட்லு துருக்கியைச் சேர்ந்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பொறியியலோடு உளவியலும் படித்துப் பட்டம் பெற்றவர். பிறகு ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில், பிராசசர் வடிவமைப்பில் புகழ்பெற்ற யேல் பட் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து 2006-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் சில ஆண்டுகள், பிறகு 2009 முதல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம், 2015 முதல் சுவிட்சர்லாந்தில் உள்ள இடிஹெச் சூரிக் என்று அவருடைய பயணம் தொடர்ந்தது.

இவருடைய ஆய்வுகளில் ஒரு நூல் தொடர்ந்து ஓடுவதைப் பார்க்கலாம். எல்லோரும் பிராசசரை வேகமாக்குவது எப்படி என்று யோசித்துக் கொண்டிருந்தபோது, இவர் பிராசசர் காத்துக் கிடக்கும் மெமரியைப் பார்த்தார். 2003-இல் மாணவராக இருந்தபோதே, மெமரியிலிருந்து டேட்டா வரும்வரை பிராசசர் சும்மா இருக்காமல், அடுத்து வரும் கட்டளைகளைத் தற்காலிகமாக ஓட்டிப் பார்த்து, தேவைப்படும் டேட்டாவை முன்கூட்டியே வரவழைக்கலாம் என்ற ரன்அஹெட் முறையைப் பற்றி மற்ற மூவருடன் சேர்ந்து எழுதினார்.

2007-இல் தாமஸ் மோசிப்ரோடாவுடன் எழுதிய கட்டுரை நம் விஷயத்திற்கு இன்னும் நெருங்கியது. ஒரே சிப்பில் பல கோர்கள் வரத் தொடங்கிய நேரம் அது. கோர்கள் தனித்தனி என்றாலும் மெமரி பொதுவானது. ஒரு புரோகிராம் மெமரியைத் தந்திரமாகப் பயன்படுத்தினால், பக்கத்து கோரில் ஓடும் புரோகிராமைப் பட்டினி போட முடியும் என்று இருவரும் காட்டினார்கள். பொதுவில் பகிரப்படும் இடத்தில் பக்கத்துக்காரரால் தொல்லை வரும் என்ற பார்வை அங்கேயே தொடங்கி விட்டது எனலாம். அன்று பறிபோனது வேகம் மட்டும்தான். ஏழு ஆண்டுகள் கழித்து வந்த கட்டுரையிலோ டேட்டாவே மாறிப் போனது.

129 ரேம்கள், 110 தோல்விகள்

கம்ப்யூட்டர் கட்டமைப்புத் துறையில் முக்கியமான ஆய்வுகள் பெரும்பாலும் மாநாடுகளில்தான் வெளியாகின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று, 1973-இல் தொடங்கிய ஐ.எஸ்.சி.ஏ. மாநாடு. 2014-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நடந்த அந்த மாநாட்டில் இந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது. முதல் ஆசிரியர் யூங்கு கிம் என்ற மாணவர். மொத்தம் 9 பேர். 'மெமரியை அணுகாமலே அதிலுள்ள பிட்களைப் புரட்டுதல்' என்பது தலைப்பின் பொருள்.

அவர்கள் செய்தது என்ன? மூன்று பெரிய தயாரிப்பாளர்களின் 129 டிடிஆர்3 ரேம்களை எடுத்துக் கொண்டார்கள். எஃப்பிஜிஏ என்று சொல்லப்படும், நம் விருப்பப்படி வடிவமைத்துக் கொள்ளக்கூடிய சிப்களை வைத்துச் சோதனைக் கருவி செய்தார்கள். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு ரேமையும் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கிடைத்த முடிவுகள்:

* 129-இல் 110 ரேம்களில் பிழைகளை வரவழைக்க முடிந்தது.

* பிழை தெரிந்த ரேம்களில் மிகப் பழையது 2010-இல் தயாரானது. 2012, 2013 ஆண்டுகளில் தயாராகிச் சோதிக்கப்பட்ட ரேம்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

* மிக மோசமான ரேமில் 1,39,000 முறை தட்டினாலே பிழை வந்தது.

* மிக மோசமான நிலையில் 1,700 பிட்களுக்கு ஒன்று வீதம் பாதிக்கப்பட்டது.

1,39,000 என்றதும் பெரிய எண்ணாகத் தெரிகிறதா? ஒரு வரிசையைத் திறந்து மூட ஏறக்குறைய 50 நானோ விநாடி போதும். அப்படியானால் 1,39,000 முறை தட்ட சுமார் 7 மில்லி விநாடி ஆகும். ரெஃப்ரெஷ் வருவதோ 64 மில்லி விநாடிக்கு ஒரு முறை. அதற்குள் கிட்டத்தட்ட 13 லட்சம் முறை தட்டிவிடலாம்!

இன்னொன்றையும் செய்தார்கள். ஆய்வகக் கருவி இல்லாமல், இன்டெல், ஏஎம்டி பிராசசர்கள் உள்ள சாதாரண கம்ப்யூட்டர்களில், சில வரிகளே உள்ள ஒரு புரோகிராமை ஓட்டிப் பிழையை வரவழைத்தார்கள். வழக்கமாக அடிக்கடி படிக்கும் டேட்டாவை பிராசசர் தன் கேஷ் மெமரியில் வைத்துக் கொள்ளும். அதனால் டிராம் தட்டுப்படாது. அந்தப் புரோகிராம் ஒவ்வொரு முறையும் கேஷைக் காலி செய்துவிட்டு மறுபடியும் படித்தது. அவ்வளவுதான். அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு எதுவும் தேவைப்படவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் புரோகிராம் தனக்குச் சொந்தமான இடத்தை மட்டுமே படிக்கிறது. விண்டோஸோ லினக்ஸோ, ஒரு புரோகிராமின் மெமரியில் இன்னொரு புரோகிராம் கை வைக்காமல் காவல் காக்கிறது. நீங்கள் பேங்க் பாஸ்வேர்டை டைப் செய்யும்போது பக்கத்தில் ஓடும் கேம் அதை எட்டிப் பார்க்க முடியாது என்பது இந்தக் காவலின் மேல் உள்ள நம்பிக்கைதான். காவல்காரர் வாசலில் நிற்கிறார். ஆனால் சுவர் வழியாகச் சேதம் நடக்கிறது என்றால் என்ன செய்வது?

சிப் தயாரிப்பவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. 2012-லேயே இன்டெல் இதைச் சமாளிக்கும் வழிகளுக்குக் காப்புரிமை விண்ணப்பங்கள் போட்டிருந்தது. இதைக் கட்டுரையே குறிப்பிடுகிறது. ஆனால் அந்த விஷயம் துறைக்குள்ளேயே இருந்தது. ரேம் வாங்கிய நமக்குத் தெரியாது. கட்டுரை செய்த பெரிய காரியம், அதை எண்களோடு வெளிச்சத்திற்குக் கொண்டு வந்து, யார் வேண்டுமானாலும் தங்கள் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்க்கும்படி அந்தப் புரோகிராமையும் வெளியிட்டதுதான்.

நோய் சொன்னவர்கள் சொன்ன மருந்து

குற்றம் கண்டுபிடிப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. மருந்தையும் தேடினார்கள்.

முதலில் தோன்றுவது, ரெஃப்ரெஷை அடிக்கடி செய்வது. மேலே போட்ட கணக்குப்படி பார்த்தால், மோசமான ரேமைக் காப்பாற்ற 64 மில்லி விநாடிக்குப் பதிலாக 7, 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை நிரப்ப வேண்டும். எட்டு மடங்கு வேலை! மின்சாரமும் வீண், வேகமும் குறையும். இரண்டாவது வழி, பிழை திருத்தும் ஈசிசி மெமரி. ஆனால் சாதாரண ஈசிசி, 64 பிட் கொண்ட ஒரு தொகுதியில் ஒரு பிழையைத்தான் திருத்தும். ஒரே தொகுதியில் இரண்டு, அதற்கு மேலும் பிட்கள் மாறுவதை அவர்கள் பார்த்தார்கள். ஆகவே அதுவும் முழுக் காவலல்ல.

அவர்கள் பரிந்துரைத்த பாரா என்ற முறை வேடிக்கையானது, ஆனால் புத்திசாலித்தனமானது. எந்த வரிசை எத்தனை முறை தட்டப்பட்டது என்று கணக்கே வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை ஒரு வரிசையை மூடும்போதும் குலுக்கல் போடுங்கள். ஆயிரத்தில் ஒரு வாய்ப்பில் சீட்டு விழுந்தால், பக்கத்து வரிசைகளில் ஒன்றை நிரப்பி விடுங்கள். அவ்வளவுதான்.

இது எப்படிப் போதும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,39,000 முறை தட்டினால் சராசரியாக 139 முறை சீட்டு விழும். இரு பக்கத்திற்கும் பங்கிட்டால் பக்கத்திற்கு சுமார் 70. பிழை வர வேண்டுமானால் ஒரு பக்கத்திற்கு அத்தனை குலுக்கலிலும் ஒரு முறைகூடச் சீட்டு விழாமல் இருக்க வேண்டும். நடைமுறையில் அது நடக்காத காரியம். தாக்குபவர் எத்தனை தடவை தட்டுகிறாரோ அத்தனை தடவை குலுக்கலும் நடக்கிறது! இதனால் ஏற்படும் வேகக் குறைவு சராசரியாக 0.2 சதவீதம்தான் என்று கட்டுரை சொல்கிறது.

கட்டுரைக்குப் பின் நடந்தவை

ஓர் ஆய்வின் செல்வாக்கு, அது வெளியான பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் தெரியும்.

2015 மார்ச்சில் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த மார்க் சீபார்ன், தாமஸ் டல்லியன் இருவரும் அடுத்த அடியை வைத்தார்கள். எந்த மெமரி யாருக்குச் சொந்தம் என்று எழுதி வைக்கும் அட்டவணையும் அதே டிராமில்தான் இருக்கிறது. அந்த அட்டவணையில் சரியான இடத்தில் ஒரு பிட் புரண்டால்? சாதாரணப் புரோகிராம் ஒன்று லினக்ஸ் இயங்கும் கம்ப்யூட்டரை முழுமையாகத் தன் கட்டுப்பாட்டில் கொண்டு வர முடியும் என்று செய்தே காட்டினார்கள். பழுது என்று நினைத்தது பாதுகாப்பு ஓட்டையாக மாறியது அன்றுதான்.

அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனம் மேக் கம்ப்யூட்டர்களுக்கு ஓர் அப்டேட் வெளியிட்டது. ரெஃப்ரெஷ் வேகத்தைக் கூட்டி இந்தப் பிரச்சினையைத் தணித்திருக்கிறோம் என்று அதன் குறிப்பில் சொல்லி, யூங்கு கிம் குழுவின் 2014 ஆய்வையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. மெம்டெஸ்ட்86-லும் 2015-இல் வந்த பதிப்பில் ஹேமர் சோதனை சேர்ந்தது. ஒரு மாநாட்டில் வாசித்த கட்டுரை, இரண்டு ஆண்டுகளுக்குள் என் வீட்டுத் திரையில் 13-ஆவது சோதனையாக வந்து நின்றதன் கதை இதுதான்.

பின்னர் வேறு ஆராய்ச்சியாளர்கள், பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மூலமாகவே பிட்களைப் புரட்ட முடியும் என்று காட்டினார்கள். 2016-இல் ஆம்ஸ்டர்டாமின் விரியே பல்கலைக்கழகக் குழு தலைமையிலான ஆய்வு, ஆண்ட்ராய்டு போன்களிலும் இது சாத்தியம் என்று நிரூபித்தது.

'தீர்ந்து விட்டது' என்றார்கள்

டிடிஆர்4 வந்தபோது தயாரிப்பாளர்கள் டிஆர்ஆர் என்ற தடுப்பு முறையை உள்ளே வைத்தார்கள். அதிகம் தட்டப்படும் வரிசையைக் கவனித்து, அதன் பக்கத்து வரிசைகளை நிரப்பி விடும் ஏற்பாடு அது. இனி ரோஹேமர் பயம் இல்லை என்று விளம்பரமும் செய்தார்கள். உள்ளே அது எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

2020-இல் விரியே பல்கலைக்கழகமும் முட்லு உள்ளிட்ட இடிஹெச் ஆய்வாளர்களும் சேர்ந்து அந்தப் பூட்டைத் திறந்து பார்த்தார்கள். காவல்காரரால் ஒரே நேரத்தில் சில வரிசைகளை மட்டும்தான் கவனிக்க முடிகிறது. பல வரிசைகளைச் சேர்த்துத் தட்டினால் அவர் குழம்பி விடுகிறார்! 42 டிடிஆர்4 ரேம்களில் 13-இல் பிழை வந்தது. 2021-இல் இடிஹெச்சில் கவே ரசாவியின் குழு, தட்டும் தாளத்தை மாற்றி மாற்றிப் பார்த்தது. சோதித்த 40 டிடிஆர்4 ரேம்களிலும் பிழை வந்தது.

நிலைமை மோசமாகிக் கொண்டிருக்கிறது என்பதையும் 2020-இல் முட்லுவின் மாணவர்கள் அளந்து காட்டினார்கள். 1,580 சிப்களைச் சோதித்ததில், போன்களிலும் மெல்லிய லேப்டாப்களிலும் இருக்கும் புதிய எல்பிடிடிஆர்4 சிப் ஒன்றில், இரு பக்க வரிசைகளையும் தலா 4,800 முறை தட்டினாலே பிழை வந்தது. 2014-இன் 1,39,000 எங்கே, 4,800 எங்கே!

இதன் விளைவாக மெமரிக்கான தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு, 2024 ஏப்ரலில் டிடிஆர்5 தரத்தைப் புதுப்பித்தபோது, ஒவ்வொரு வரிசையும் எத்தனை முறை திறக்கப்பட்டது என்று எண்ணும் வசதியைச் சேர்த்தது. ஆனால் ஏற்கனவே விற்ற ரேம்களுக்கு அது பொருந்தாது. 2025 செப்டம்பரில் இடிஹெச், கூகுள் ஆய்வாளர்கள் ஒரே தயாரிப்பாளரின் 15 டிடிஆர்5 ரேம்களைச் சோதித்து, பதினைந்திலும் பிட்களைப் புரட்டிக் காட்டினார்கள்.

செல்வாக்கை எப்படி அளப்பது?

கல்வி உலகில் ஒரு கட்டுரையின் மதிப்பை, பிறர் அதை எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணி அளக்கிறார்கள். அந்த அளவுகோலில் இந்தக் கட்டுரை மிக உயரத்தில் நிற்கிறது. 2019-இல் முட்லுவுக்கு மாரிஸ் வில்க்ஸ் விருது கிடைத்தது. 2023-இல் ஐ.எஸ்.சி.ஏ. மாநாடு தன் 50-ஆவது ஆண்டையொட்டி 1996 முதல் 2020 வரையிலான கட்டுரைகளில் முக்கியமானவற்றைத் தேர்ந்தெடுத்தபோது இதுவும் இடம் பெற்றது.

ஆனால் மேற்கோள் எண்ணிக்கை மட்டும் போதாது என்பது என் கருத்து. மேற்கோள்களில் பல, மரியாதைக்குப் பெயர் சொல்லிவிட்டுப் போகிற ரகம். உண்மையான செல்வாக்கு வேறு. இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் அதை நம்பி ஏற்கவில்லை. தாங்களே ரேமைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தாக்குதலாக மாற்றினார். ஒருவர் தடுப்பு செய்தார். அந்தத் தடுப்பையும் இன்னொருவர் உடைத்தார். அதற்கு வசதியாக முட்லுவின் குழு, மெமரியைப் போலச் செய்து காட்டும் ராமுலேட்டர், ரேமைச் சோதிக்கும் சாஃப்ட்எம்சி போன்ற கருவிகளை இலவசமாக வெளியிட்டது. அவருடைய வகுப்புப் பாடங்களும் யூடியூபில் முழுமையாகக் கிடைக்கின்றன. கம்ப்யூட்டர் கட்டமைப்பு படிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள், கட்டணம் கிடையாது.

வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

இதைப் படித்துவிட்டு ரேமைக் கழற்றி எறிய வேண்டாம்! வீட்டுக் கம்ப்யூட்டரைத் தாக்க நினைக்கும் திருடனுக்கு இதைவிட எளிய வழிகள் இருக்கின்றன. போலி மெயிலும் திருட்டு சாஃப்ட்வேரும் அவனுக்குப் போதும். இருந்தாலும் சில எளிய காரியங்களைச் செய்யலாம்.

* புதிய ரேம் வாங்கினால், முதல் இரவே மெம்டெஸ்ட்86-ஐ ஓட விடுங்கள். மற்ற சோதனைகளில் பிழை வந்தால் ரேம் பழுது. உடனே மாற்றச் சொல்லுங்கள். ஹேமர் சோதனையில் மட்டும் வந்தால், அன்றாட வேலையில் தொல்லை வராமல் போகலாம். ஆனால் அந்த ரேம் பலவீனமானது என்று தெரிந்து கொள்ளுங்கள்.

* மதர்போர்டு தயாரிப்பாளர் தரும் பயாஸ் அப்டேட்டைப் போடுங்கள். சில பயாஸ்களில் ரெஃப்ரெஷ் வேகத்தைக் கூட்டும் வசதி உண்டு. முழு மருந்தல்ல, ஆனால் உதவும்.

* பிரவுசரை எப்போதும் புதிய பதிப்பில் வைத்திருங்கள்.

* அலுவலகக் கணக்கு, மருத்துவப் பதிவு போன்றவற்றுக்கு கம்ப்யூட்டர் வாங்கினால், ஈசிசி ரேம் ஏற்கும் மதர்போர்டாகப் பாருங்கள். பிழையை முழுவதும் தடுக்காவிட்டாலும் பெரும்பாலும் திருத்தும் அல்லது எச்சரிக்கும். டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே இருக்கும் பிழை திருத்தும் வசதி இதற்கு மாற்றல்ல.

* முக்கியமான ஃபைல்களுக்கு இரண்டு பேக்கப் வையுங்கள். ஒன்றை எடுத்த பின் திறந்து பார்த்துச் சரிபாருங்கள். என் புகைப்படங்கள் எனக்குக் கற்றுத் தந்த பாடம் இது.

என் கதையின் முடிவையும் சொல்லி விடுகிறேன். பயாஸை அப்டேட் செய்து, ரெஃப்ரெஷ் வேகத்தை இரு மடங்காக்கினேன். மூன்று இரவுகள் தொடர்ந்து சோதித்தேன். 13-ஆவது சோதனையில் பிழை வரவில்லை. அதனால் அந்த ரேம் குணமாகி விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நான் தட்டிய விதத்தில் அது தாங்கியது, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை எனக்குப் புரிய வைத்தது அந்தக் கட்டுரை. அடுத்த முறை கடைக்காரர், "ஓடுதில்ல சார்?" என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஓடுகிறது ஐயா, ஆனால் தட்டிப் பார்த்தீர்களா?